கையிருப்பு குறைந்தால் நம்பிக்கை ஏன் குறைகிறது?

"காலம் கெட்டுப்போச்சு, யாரையும் நம்ப முடியல." டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "வசதி வந்ததும் மனுஷன் மாறிட்டான்" என்பார்கள். இல்லையென்றால், "வறுமை இருக்கிற இடத்துல ஏமாத்துறதும் இருக்கத்தான் செய்யும்" என்பார்கள்.

முதல் பதில் பணத்தைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது, பணம் இல்லாதவரைக் குற்றவாளி ஆக்குகிறது. இந்த இரண்டாவது பேச்சால் வாடகைக்கு வீடு கிடைக்காமல், கடன் கிடைக்காமல், வேலையில் சேர முடியாமல் போகிறவர்கள் நம்மைச் சுற்றி ஏராளம். அதனால்தான் பொருளாதார நிலைக்கும் சமூக நம்பிக்கைக்கும் என்ன தொடர்பு என்பதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொடர்பு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது மனிதரின் குணம் வழியாக ஓடுவதைவிட, அவரால் எவ்வளவு இழப்பைத் தாங்க முடியும் என்ற கணக்கு வழியாகவே அதிகம் ஓடுகிறது.

## எந்த நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறோம்?

தம்பியை நம்புவதும், பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதும் ஒரு வகை. ஆளைத் தெரியும், குடும்பத்தைத் தெரியும். இதை அறிமுக நம்பிக்கை என்று வைத்துக்கொள்வோம். வங்கி, நீதிமன்றம், காவல் நிலையம், அரசு அலுவலகம் ஆகியவை தம் வேலையை ஒழுங்காகச் செய்யும் என்று நம்புவது நிறுவன நம்பிக்கை. முன்பின் தெரியாத ஒருவர் பொதுவாக நம்மை ஏமாற்ற மாட்டார் என்று நம்புவதுதான் சமூக நம்பிக்கை. இந்தக் கட்டுரை முக்கியமாக மூன்றாவதைப் பற்றியது.

இதை அளக்க ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவருகிறார்கள். "பொதுவாகச் சொன்னால், பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, இல்லை ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டுமா?" 1981 முதல் நடக்கும் உலக மதிப்பீடுகள் ஆய்வில் இந்தக் கேள்வி உண்டு. நார்வே, சுவீடன், டென்மார்க் நாடுகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் "நம்பலாம்" என்கிறார்கள். பிரேசிலிலும் கொலம்பியாவிலும் பத்தில் ஒருவர்கூடத் தேறுவதில்லை.

கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது. "பெரும்பாலான மனிதர்கள்" என்றதும் ஒவ்வொரு நாட்டிலும் மனதில் தோன்றும் கூட்டம் வேறு வேறு. சீனாவிலும் தாய்லாந்திலும் பலருக்கு அது தெரிந்தவர்களின் வட்டமாகவே இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே எண்களை உரைகல்லாக வைக்காமல் திசைகாட்டியாக வைத்துக்கொள்வதே நல்லது.

"அந்தக் காலத்துல கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கினோம்" என்ற நினைவையும் இங்கேயே பார்த்துவிடலாம். அந்த நம்பிக்கை பொய்யில்லை. ஆனால் அது ஊருக்குள், தெருவுக்குள், பெரும்பாலும் சாதிக்குள் இருந்த அறிமுக நம்பிக்கை. அடுத்த தெருக்காரருக்கே அது கிடைக்காத ஊர்கள் எத்தனையோ. அதையும் இன்று ஒரு நகரத்தில் முன்பின் தெரியாதவர்மேல் வைக்கும் நம்பிக்கையையும் ஒரே தராசில் வைத்து "குறைந்துவிட்டது" என்று சொல்ல முடியாது.

## ஓர் ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம்

இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. முதல் மாதம் சீட்டு பிடிப்பவருக்கு. இரண்டாம் மாதம் ஏலத்தில் ஒருவர் 30,000 ரூபாய் தள்ளி, 70,000 ரூபாயை எடுக்கிறார். தள்ளிய தொகை எல்லாருக்கும் கழிவாகப் பிரிகிறது. பணத்தை எடுத்தவர் இன்னும் 18 மாதம் கட்ட வேண்டும். கடைசிவரை எடுக்காமல் காத்திருப்பவருக்கு நிலைமை நேர் எதிர். பத்தாவது மாதத்தில் அவர் போட்ட நாற்பதாயிரத்துச் சொச்சம் முழுக்க அடுத்தவர் கையில்தான் இருக்கிறது.

இப்போது, இரண்டாம் மாதம் எடுத்தவரின் கடை மூடிவிட்டதாகப் பேச்சு வருகிறது. காத்திருப்பவர்களில் ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர். இன்னொருவர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லர். இருவர் காதிலும் அதே செய்திதான் விழுகிறது. ஆசிரியர், "நல்ல மனுஷன், கட்டிடுவார், பார்ப்போம்" என்கிறார். டெய்லர் மறுநாள் காலை ஆறு மணிக்குச் சீட்டு பிடிப்பவர் வீட்டு வாசலில் நிற்கிறார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஆசிரியர் பெருந்தன்மையானவராகவும் டெய்லர் சந்தேகப் பிராணியாகவும் தெரிவார்கள். ஆனால் கடை மூடியவர் கட்டாமல் போகும் வாய்ப்பை இருவருமே ஒரே அளவாகத்தான் எடைபோட்டிருக்கலாம். வித்தியாசம், பணம் போனால் அடுத்து என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. ஆசிரியருக்கு அது ஒரு வருத்தம், வீட்டில் ஒரு சண்டை, அத்துடன் முடிந்தது. டெய்லருக்கு அது பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அதை ஈடுகட்டக் கந்துவட்டிக்கு வாங்கினால், நாற்பதாயிரத்தோடு இழப்பு நிற்காது.

ஆக, ஒருவரை நம்பலாமா என்ற முடிவுக்குள் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. அவர் வாக்குத் தவறும் வாய்ப்பு எவ்வளவு? தவறினால் என் இழப்பு எவ்வளவு கனமானது? தவறினால் எனக்காகக் கேட்க யாராவது உண்டா?

பொருளாதாரம் சரியும்போது இந்த மூன்றுமே ஒரே நேரத்தில் மோசமாகின்றன. நேர்மையானவருக்கும் தவணை கட்டக் கையில் பணம் இருக்காது; வாக்குத் தவறும் வாய்ப்பு கூடிவிடுகிறது. சேமிப்பு கரைந்துபோனதால் அதே நாற்பதாயிரம் முன்னைவிடக் கனமாக அழுத்துகிறது. பொறுப்பேற்க வேண்டிய சீட்டு பிடிப்பவரும் அதே சரிவில் சிக்கியிருப்பார். வழக்கு போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். இதில் ஒருவர்கூடக் கெட்டவராக மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். குணம் அப்படியே இருக்க, நம்பிக்கை மட்டும் உடைகிறது.

இதுவரை பார்த்தது: சமூக நம்பிக்கை என்பது தெரியாதவர்மேல் வைக்கும் நம்பிக்கை. அதில் தவறும் வாய்ப்பு, இழப்பின் கனம், கேட்க ஆள் என்ற மூன்றும் சேர்ந்திருக்கின்றன. பொருளாதாரம் மூன்றையும் தொடுகிறது.

## வறுமை நேர்மையைக் கெடுக்கிறதா?

இதை நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது, 2021இல் வெளியானது. ஒரு நகரத்தில் வசதியான வீடுகளிலும் வசதி குறைந்த வீடுகளிலும், வேறு யாருக்கோ போக வேண்டிய கடித உறைகளை முகவரி மாறி வந்ததுபோலப் போட்டார்கள். சில உறைகளில் பணம் இருப்பது வெளியிலிருந்தே தெரியும். வசதியான வீடுகளிலிருந்து அதிக உறைகள் திரும்பி வந்தன. அத்துடன் நிறுத்தியிருந்தால் "பார்த்தீர்களா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஆய்வாளர்கள் நாட்களையும் பார்த்தார்கள். ஏழை வீடுகளில், கையில் காசு வந்த நாளிலிருந்து தள்ளத் தள்ள உறை திரும்புவது குறைந்தது. பண நெருக்கடியைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, அடுத்தவர்மேல் உள்ள அக்கறையில் ஏழைக்கும் பணக்காரருக்கும் வித்தியாசம் இல்லை என்ற முடிவுக்கே அவர்கள் வந்தார்கள். மாதக் கடைசியில் சம்பளக் கவரைத் தடவிப் பார்த்த எவருக்கும் இது விளங்கும்.

இன்னொரு சோதனை, 2019இல் வெளியானது. இந்தியா உட்பட 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்கள். கண்ணாடி போன்ற உறை. உள்ளே உள்ளூர்ப் பெயர் போட்ட விசிட்டிங் கார்டு, ஒரு சாவி, மளிகைப் பட்டியல். சிலவற்றில் மட்டும் பணம். வங்கி, தபால் நிலையம், ஓட்டல் போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில் ஒருவர் அதை வைத்து, "வெளியே கிடந்தது, எனக்கு அவசரமாகப் போகணும், நீங்க பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். உரியவரைத் தொடர்புகொள்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பணம் இல்லாத பர்ஸ்களில் சுமார் 40 சதவீதத்துக்குத் தகவல் வந்தது. பணம் இருந்தவற்றில் சுமார் 51 சதவீதம். 40இல் 38 நாடுகளில் இதே போக்கு. மூன்று நாடுகளில் தொகையை ஏழு மடங்காகக் கூட்டியபோது திரும்பியது இன்னும் அதிகமானது.

எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது இதன் பின்பகுதி. என்ன நடக்கும் என்று பொதுமக்களிடமும் பொருளாதார வல்லுநர்களிடமும் முன்கூட்டியே கேட்டார்கள். பணம் கூடினால் திரும்புவது குறையும் என்றே பொதுமக்கள் கணித்தார்கள்; வல்லுநர்களாலும் அது கூடும் என்று கணிக்க முடியவில்லை. பெரிய தொகை கையில் கிடைக்கும்போது மனிதர்கள் காட்டும் நேர்மையை, அது உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே நாம் எடைபோடுகிறோம். பொருளாதாரம் சரியும் காலத்தில் பயம் இந்தக் குறைமதிப்பை இன்னும் ஊதிப் பெருக்குகிறது.

## ரஷ்யா, 2009

"ஏழை நாடுகளில் நம்பிக்கை குறைவு" என்று ஒரு பட்டியலைக் காட்டினால், எது காரணம், எது விளைவு என்று தெரியாது. வருமானம் திடீரென்று சரிந்த ஓர் இடத்தைப் பிடித்து, அதற்கு முன்னும் பின்னும் மக்களிடம் கேட்டுப் பார்த்தால்தான் ஓரளவு தெளியும்.

ரஷ்யாவில் அப்படி ஒரு வாய்ப்பு அமைந்தது. உலக நிதி நெருக்கடியின்போது, 2009இல் அந்த நாட்டின் பொருளாதாரம் சுமார் 8 சதவீதம் சுருங்கியது. ஆனால் அடி எல்லாப் பகுதிக்கும் ஒரே மாதிரி விழவில்லை. தொழிற்சாலைகளுக்குத் தேவையான இயந்திரங்களைச் செய்யும் ஊர்களில் பலமாக விழுந்தது. நெருக்கடி வந்தால் முதலாளிகள் முதலில் தள்ளிப்போடுவது புது இயந்திரம் வாங்குவதைத்தான். உணவுப் பொருள் செய்யும் ஊர்களில் அடி லேசு. எந்தப் பகுதியில் எந்தத் தொழில் என்பது நெருக்கடிக்கு வெகு முன்பே முடிவாகிவிட்டது. ஆகவே, நம்பிக்கை குறைந்ததால் வருமானம் குறைந்தது என்று இங்கே திருப்பிச் சொல்ல முடியாது.

இதை ஆராய்ந்த மக்சிம் அனன்யேவ், செர்கேய் குரீவ் இருவரும் கண்டது இது. வருமானம் 10 சதவீதம் குறைந்த இடத்தில், "பெரும்பாலானவர்களை நம்பலாம்" என்பவர்களின் பங்கு சுமார் 5 சதவீதப் புள்ளிகள் இறங்கியது. நூறு பேரில் முப்பது பேர் நம்பிய இடத்தில் இப்போது இருபத்தைந்து பேர். அதைவிடக் கவலை தருவது அடுத்தது. பொருளாதாரம் மீண்ட பிறகும், பலமாக அடிபட்ட பகுதிகளில் நம்பிக்கை பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. சம்பளம் திரும்பி வருவதைவிட மெதுவாகத்தான் நம்பிக்கை வருகிறது.

ஐரோப்பாவில் 2008க்குப் பிறகு நடந்தது சற்று வேறு மாதிரி. வேலையின்மை கூடிய பகுதிகளில் நாடாளுமன்றம், கட்சிகள் ஆகியவற்றின்மேல் இருந்த நம்பிக்கை நன்றாகவே விழுந்தது. மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை அந்த அளவு அசையவில்லை. வேலையில்லாக் காலத்துக்கு உதவித்தொகை, இலவச மருத்துவம் என்று அங்கே பல நாடுகளில் இருந்த தாங்குகட்டைகள் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். சீட்டில் பார்த்த இரண்டாவது விஷயத்தை, அதாவது இழப்பின் கனத்தை, அவை குறைக்கின்றன.

## பயம் தானே தன்னை உண்மையாக்கிக்கொள்ளும் இடம்

நம்பிக்கை குறைவதால் நட்டம் வரும் என்பதற்கு வங்கியைவிடத் தெளிவான இடம் இல்லை. வங்கி நம் பணத்தை இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்துவிடுகிறது. எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால் நல்ல வங்கியாலும் கொடுக்க முடியாது. "இந்த வங்கி முழுகப் போகிறது" என்று போதுமான பேர் நம்பிவிட்டால் அதுவே வங்கியை மூழ்கடித்துவிடும். வரிசையில் நிற்பவர் முட்டாள் இல்லை. மற்றவர்கள் நிற்கும்போது நிற்காமல் இருப்பவர்தான் பணத்தை இழப்பார்.

1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. பணம் போட்டிருந்த சாதாரணக் குடும்பங்கள் தவித்தன. பயம் மற்ற வங்கிகளின் வாசலுக்கும் பரவியது. அதன் விளைவாக வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் 1961இல் வந்தது; 1962 ஜனவரி 1 முதல் நடைமுறையானது. வங்கி மூழ்கினாலும் ஒரு குறிப்பிட்ட தொகைவரை வாடிக்கையாளருக்குப் பணம் கிடைக்கும் என்ற உறுதிதான் வைப்புத்தொகைக் காப்பீடு. தொடக்கத்தில் அது 1,500 ரூபாய். 2020 முதல் 5 லட்சம்.

இந்தக் காப்பீடு யாருடைய குணத்தையும் திருத்தவில்லை. வங்கி மேலாளர் அதே ஆள், வாடிக்கையாளர் அதே ஆள். பக்கத்து வீட்டுக்காரர் பணத்தை எடுக்க ஓடினாலும் நாம் ஓட வேண்டிய கட்டாயம் போய்விட்டது, அவ்வளவுதான்.

இலங்கையில் 2022இல் இதையே வேறு வடிவத்தில் பார்த்தோம். அந்நியச் செலாவணி தீர்ந்து பெட்ரோல் கப்பலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் போனபோது, மக்கள் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். வரிசையிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. பாதி டேங்க் இருந்தவரும் வரிசையில் நின்றார், நாளைக்குக் கிடைக்குமோ என்ற பயத்தில். அப்படி நின்றதால் வரிசை இன்னும் நீண்டது. ஜூலையில் கியூஆர் குறியீட்டுடன் தேசிய எரிபொருள் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், காருக்கு 20 லிட்டர். அளவு சொற்பம்தான். ஆனால் என் பங்கு எனக்கு உண்டு, அடுத்தவர் இரண்டு தரம் அடிக்க முடியாது என்ற உறுதி இருந்தது. அடுத்து வந்த வாரங்களில் வரிசைகள் சுருங்கின. எரிபொருள் வரத்து சற்றுச் சீரானதும் அதற்கு உதவியது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதுவரை பார்த்தது: வருமானச் சரிவு நம்பிக்கையைக் குறைக்கிறது, குறைந்த நம்பிக்கை நிலைமையை மேலும் கெடுக்கிறது. இந்தச் சுழலை உடைப்பது நல்லெண்ணப் பேச்சைவிட, இழப்பைத் தாங்கும் ஏற்பாடும் எல்லாருக்கும் ஒரே விதியும்தான்.

## அப்படியானால் பணம் கூடினால் போதுமா?

போதாது. அமெரிக்காவைப் பாருங்கள். 1972இல் அங்கே சுமார் 46 சதவீதம் பேர் பெரும்பாலானவர்களை நம்பலாம் என்றார்கள். 2018இல் அது சுமார் 34 சதவீதம். இடைப்பட்ட காலத்தில் அந்த நாடு ஏழையாகவில்லை. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் சராசரி வருமானம் சுமார் இரண்டு மடங்கானது. கூடவே வருமான ஏற்றத்தாழ்வும் வளர்ந்தது. காரணம் அது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது என்றாலும், ஏற்றத்தாழ்வு கூடிய நாடுகளில் சமூக நம்பிக்கை குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

அமெரிக்காவில் யார் குறைவாக நம்புகிறார்கள் என்று அல்பெர்த்தோ அலெசினாவும் எலியானா லா ஃபெர்ராராவும் 2002இல் எழுதினார்கள். அண்மையில் வாழ்க்கையில் பெரிய அடி வாங்கியவர்கள், காலங்காலமாக ஒதுக்கப்பட்ட பிரிவினர், வருமானமும் படிப்பும் குறைந்தவர்கள், ஏற்றத்தாழ்வு அதிகமான ஊரில் வாழ்பவர்கள். மத நம்பிக்கை பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. ஒதுக்கப்பட்டவர் நம்பாமல் இருப்பது அனுபவத்திலிருந்து வந்த பாடம். அவரைப் பார்த்து "நம்பிக்கை வையுங்கள்" என்று அறிவுரை சொல்வது அநியாயம். நடத்தும் விதம்தான் மாற வேண்டும்.

ஏற்றத்தாழ்வு நம்பிக்கையை எப்படித் தொடுகிறது என்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம். வசதியானவர் பிள்ளை ஒரு பள்ளிக்கூடம், வேலைக்கார அம்மாவின் பிள்ளை வேறு பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரி வேறு, பஸ் வேறு, தண்ணீர்கூட வேறு. ஒருவரை ஒருவர் சமமாகச் சந்திக்கும் இடமே இல்லாதபோது, அடுத்தவர் எப்படிப்பட்டவர் என்பதை வதந்தியிலிருந்துதான் கற்றுக்கொள்கிறோம். அதோடு, சட்டம் ஆளுக்கு ஒரு மாதிரி வளைகிறது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டால், விதிப்படி நடப்பவன் ஏமாளி என்று எல்லாருமே நினைக்கத் தொடங்குவார்கள்.

## நம்பிக்கைக் குறைவின் செலவு

தெரியாதவரை நம்ப முடியாத ஊரில் எல்லாவற்றுக்கும் கூடுதல் செலவு. கடனுக்கு ஜாமீன், வேலைக்குத் தெரிந்தவர் சிபாரிசு, சரக்குக்கு முழு அட்வான்ஸ். ஒரு பரிமாற்றத்தைப் பாதுகாப்பாக முடிக்க இப்படி ஆகும் பணமும் நேரமும் சேர்ந்ததுதான் பரிமாற்றச் செலவு. தொழில் குடும்பத்துக்குள்ளேயே நிற்கும். திறமையான வெளியாள் உள்ளே வர முடியாது. ஸ்டீஃபன் நாக், ஃபிலிப் கீஃபர் இருவரும் 1997இல் 29 நாடுகளை ஒப்பிட்டு, நம்பிக்கை அதிகமான நாடுகள் வேகமாக வளர்வதைக் காட்டினார்கள்.

இந்தச் செலவும் ஏழைமேல்தான் அதிகம் விழுகிறது. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர் அவர். ஜாமீனுக்குப் பத்திரம் இல்லாதவரும் அவர்தான்.

## குறைந்த நம்பிக்கை கூடுமா?

கூடும் என்பதற்கு டென்மார்க் சாட்சி. அங்கே 1979இல் சுமார் 47 சதவீதம் பேர்தான் பெரும்பாலானவர்களை நம்பலாம் என்றார்கள். 2009இல் அது 79 சதவீதம். டேனியர்கள் பிறவியிலேயே நம்பும் இனம் என்ற பேச்சு இந்த ஒரே கணக்கில் அடிபட்டுப்போகிறது. இந்த உயர்வை ஆராய்ந்தவர்கள் படிப்பு கூடியதையும், அரசு நிறுவனங்கள் ஒழுங்காக நடக்கும் என்ற எண்ணம் வலுத்ததையும் முக்கியக் காரணங்களாகச் சொல்கிறார்கள். வேலை போனவருக்கு உதவித்தொகை, பணக்காரர் பிள்ளையும் ஏழை பிள்ளையும் போகும் பொதுப் பள்ளிக்கூடம், லஞ்சம் கேட்காத அலுவலகம் ஆகியவை அந்த நாட்டில் சாதாரணம்.

ரஷ்யாவில் நம்பிக்கை இறங்க ஒரே ஒரு நெருக்கடி போதுமாக இருந்தது. டென்மார்க்கில் அது ஏற முப்பது ஆண்டுகள் ஆயின. ஒரு நெருக்கடிக் காலத்தில் ரேஷனையோ நூறு நாள் வேலையையோ வேலையிழந்தோர் உதவியையோ "செலவு" என்று வெட்டும் அரசுகள், அந்த முப்பது ஆண்டுகளையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.